உபதேசியார் வீட்டுத் திங்கட்கிழமை

"கோயில் வேலைதானே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் போதுமே. மத்த ஆறு நாளும் என்ன செய்வீங்க?"

கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் வேலை பார்க்கும் உபதேசியார்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் முடியாது என்பதுதான் காரணம்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கும் கீரனூருக்கும் பக்கத்தில் ஆவூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. சேசு சபையைச் சேர்ந்த பூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1697-ல் அங்கே கோயில் கட்டினார். இப்போதுள்ள பெரியநாயகி மாதா கோயில் 1747-ல் கட்டப்பட்டது. ஈஸ்டர் சமயத்தில் பாஸ்கா நாடகமும் தேரும் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள்.

அந்தக் காலத்தில் மதுரை மிஷனில் சாமியார்கள் மிகவும் குறைவு. ஒருவருக்குப் பல ஊர்கள். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வந்துபோனால் மறுபடி வர மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாளில் ஜெபம் சொல்லிக்கொடுத்தது, நோயாளியைப் பார்த்தது, சாவு வீட்டில் நின்றது எல்லாம் உபதேசியார்கள்தான். சாமியாருக்குக் குடும்பம் கிடையாது, உபதேசியாருக்கு உண்டு. சரித்திரப் புத்தகங்களில் சாமியார்களின் பெயர்கள் இருக்கின்றன. வீட்டில் காத்திருந்த உபதேசியார் மனைவிகளின் பெயர்கள் எதிலும் இல்லை.

இது பழைய கதை மட்டும் இல்லை. இதே பக்கத்தில் ஒருவர் விராலிமலைக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்துவந்தார். நன்றாகப் பாடுவார், பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். பழைய உபதேசியார் வயதாகி ஓய்வு பெற்றதும் பங்குச்சாமி இவரைக் கூப்பிட்டார். சம்பளம் பாதிக்கும் கீழே. மனைவி தையல் மிஷின் வைத்திருந்ததால், "சமாளிச்சுக்கலாம், போங்க" என்றார். மகள் ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தார்.

கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும். கோயிலில் மணிதான் அடிக்கும், ஆனால் அது வேலை முடிந்ததற்கான மணி இல்லை. காலையில் பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கணும். அப்புறம் கிளைக் கிராமங்கள். சாயங்காலம் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மந்திர வகுப்பு, ராத்திரி ஏதாவது ஒரு தெருவில் அன்பியக் கூட்டம். நடுவில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு யாராவது வந்தால் பழைய பதிவேட்டைப் புரட்டணும். சரியாகச் சாப்பிட உட்காரும்போது போன் அடிக்கும். மனைவி ஒன்றும் சொல்லமாட்டார். தட்டை மூடி வைப்பார்.

மகளுக்கு ஒரே ஓர் ஆசை. திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கணும். வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம். முதல் சனிக்கிழமை கிளம்பும்போது ஒரு கிராமத்தில் பெரியவர் இறந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஜெபமாலை, மறுநாள் அடக்கம். அடுத்த தடவை ஒரு பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. மூன்றாவது தடவையும் சாவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற பிள்ளை கேட்டது.

"நம்ம வீட்டுல யாராவது செத்தாத்தான் அப்பா வீட்டுல இருப்பாங்களா?"

அம்மா வாயைப் பொத்தினார். அவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு சாவு வீட்டில் பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது குரல் உடைந்தது. இறந்தவருக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தப்பு யாருடையது? சாவு வீட்டுக்காரர்கள் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள்? பங்குச்சாமியும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் குடும்பம் இல்லாதவருக்கு இது சொன்னால்தானே தெரியும்! இவரோ 'ஆண்டவருடைய வேலையில் கணக்குப் பார்க்கலாமா' என்று வாயைத் திறக்கவில்லை.

திருச்சபையே கணக்குப் பார்க்கச் சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 231-ம் பிரிவு, திருச்சபைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தங்கள் தேவையையும் குடும்பத்தின் தேவையையும் கண்ணியமாகக் கவனித்துக்கொள்ளும் அளவுக்கு ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது. 2021 மே 10-ம் தேதி போப் பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். சட்டம் ரோமிலிருந்து வந்துவிட்டது. புதுக்கோட்டைக் கிராமத்துக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

சி.எஸ்.ஐ. ஆயர்கள் வீட்டில் கதை வேறு மாதிரி. அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் டிரான்ஸ்பர் வந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சேர்ந்து மாறும். எந்தச் சபையானாலும் வேலைக்கு எடுப்பது ஒருவரை, வேலை பார்ப்பது ஒரு குடும்பம்.

கடைசியில் பேசியது மனைவிதான். ஒருநாள் பூசை முடிந்ததும் நேராகப் போய், "சாமி, இவருக்கு வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்" என்றார். பங்குச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திங்கட்கிழமை என்று முடிவானது. அன்றைக்குக் கோயில் போன் பங்குப்பேரவை ஆள் ஒருவரிடம் இருக்கும். ஒவ்வொரு கிராமத்திலும் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு சாவு வீட்டு ஜெபத்தை இவரே சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில், "உபதேசியார் வரலியா?" என்று முகம் சுளித்தார்கள். இப்போது பழகிவிட்டது. அந்தப் பெண்கள் இவரைவிட நன்றாகவே ஜெபம் சொல்கிறார்கள் என்றும் பேச்சு.

சம்பளம் ஏறவில்லை. தையல் மிஷின் ராத்திரி பத்து மணிவரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தவக்காலம் வந்தால் சில திங்கட்கிழமைகளும் போய்விடும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் காலாண்டு லீவில் ஒரு திங்கட்கிழமை, மூன்று பேரும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். அருங்காட்சியகத்தில் பிள்ளை ஒவ்வொன்றாக நின்று நின்று பார்த்தது. அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தது.

அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனி விளம்பரம்" என்று சிரித்தார்.