கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்

 

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் மக்தப் மதரஸாவின் ஆண்டு விழா நெருங்கினால், பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். எழுதிக் கொடுப்பதும், உச்சரிப்பைத் திருத்துவதுமாக உஸ்தாதுகளாகிய எங்களுக்கு ஒரு மாதம் போவதே தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு ஒலிக்கப்போகும் இடத்தையும் கருவியையும் பற்றிய சிந்தனை, பெரும்பாலான ஊர்களில் விழாவுக்கு முதல் நாள் இரவுதான் எழுகிறது. “மைக் செட்டுக்காரரிடம் சொல்லியாயிற்றா?” “சொல்லியாயிற்று.” அத்துடன் முடிந்தது. இது கூலிக்கு வருபவரின் வேலை, மார்க்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடுகிறோம். அல்லாஹ்வின் வேதத்தையும் நபிவழியையும் நிதானித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

மூஸா (அலை) அவர்களுக்கும் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களுக்கும் இடையே நிகழ்ந்த சந்திப்பைத் தாஹா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இரு தரப்புக்கும் ஒப்பான ஓர் இடம் வேண்டும் என்று ஃபிர்அவ்ன் கேட்கிறான். நாளையும் வேளையையும் மூஸா (அலை) அவர்கள் குறிக்கிறார்கள்: பண்டிகை நாள், மக்கள் ஒன்றுதிரளும் முற்பகல் நேரம். உண்மை வெளிப்படும்போது அதைக் காண மக்கள் இருக்க வேண்டும். காண வெளிச்சமும் இருக்க வேண்டும். தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சிய அதே நபிதான், இடத்திலும் நேரத்திலும் இவ்வளவு கவனம் செலுத்தினார்கள்.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முதலில் ஒரு பேரீச்ச மரத்தண்டின் அருகில் நின்று உரையாற்றினார்கள். பிறகு ஓர் அன்ஸாரிப் பெண்மணியின் பணியாளரான தச்சர், காட்டு மரத்தில் மிம்பர் செய்து கொடுத்தார். அதன்மீது நின்று தொழுதும் காட்டிய நபியவர்கள், மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். இறுதி ஹஜ்ஜில் பேசத் தொடங்குமுன், மக்களை அமைதிப்படுத்துமாறு ஜரீர் (ரழி) அவர்களைப் பணித்தார்கள். அரஃபா பெருவெளியில் நபியவர்களின் வாசகங்களை உரத்த குரலில் திரும்பச் சொல்ல ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார் என்று சீரா நூல்கள் தெரிவிக்கின்றன. உயரம், அமைதி, குரல் எட்டுதல் ஆகிய மூன்றுக்கும் அன்றே ஏற்பாடு இருந்தது.

இவை அனைத்தையும்விட எங்கள் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. ஒரு பெருநாள் உரையை முடித்த நபி (ஸல்) அவர்கள், பெண்களுக்குத் தம் குரல் கேட்டிருக்காது என்று கருதினார்கள். உடனே பிலால் (ரழி) அவர்களுடன் பெண்கள் இருந்த இடத்துக்கே நடந்து சென்று, அவர்களுக்குத் தனியே உபதேசம் செய்தார்கள். தர்மம் செய்யுமாறு ஏவினார்கள். அப்பெண்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றிப் போட, பிலால் (ரழி) அவர்கள் அவற்றைத் தம் ஆடையில் ஏந்திக்கொண்டார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். கேட்கவில்லை என்று எவரும் முறையிட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. கேட்டிருக்காது என்று பேசியவரே கருதினார்கள், பேசியவரே நடந்தார்கள்.

இன்று நம் நிலை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு மார்க்க நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டிருந்தோம். ஆண்களுக்குக் கீழ்த்தளம், பெண்களுக்கு மாடி. மாடியில் இருந்தது ஒரேயொரு ஸ்பீக்கர் பாக்ஸ். அதுவும் கரகரத்து, பாதியில் அடங்கிப்போனது. பொறுப்பாளர் அனைவரும் கீழே முன்வரிசையில் இருந்ததால் எவருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்து வாசலில் நின்றபோது, ஒரு மூதாட்டி எங்களிடம் வந்து கேட்டார்: “ஹஜரத், எம் பேரன் பேசுனானாமே, என்ன பேசுனான்?” மேடையில் அந்தச் சிறுவன் பேசிய தலைப்பு, தாயின் காலடியில் சொர்க்கம். அதைக் கேட்க வேண்டியவருள் முதன்மையானவருக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை.

வெள்ளி ஜும்ஆ ஆண்களுக்கு வாரந்தோறும் கிடைக்கிறது. நம் பகுதிப் பெண்களில் பலருக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று பயான்களே நேரடியாகக் கேட்கும் வாய்ப்பு. அதுவும் இரைச்சலாகப் போனால், மார்க்கத்தை அவர்கள் பிறர் சொல்லக் கேட்டே அறிய நேரிடும். எனவே ஒலி ஏற்பாடு ஓர் அமானிதம்.

எங்கள் மதரஸாவில் கடைப்பிடிக்கும் முறைகளைச் சகோதரர்களின் பயன் கருதிச் சொல்கிறோம். விழாவுக்கு முந்தைய மாலையே மைக் செட்டை இயக்கிப் பார்க்கிறோம். ஓர் உஸ்தாது மேடையில் ஓதுவார். ஆலிமா ஒருவர் பெண்கள் பகுதியின் கடைசி மூலையில் அமர்ந்து கேட்பார். அவர் “தெளிவாக இருக்கிறது” என்று சொன்ன பிறகே ஒலியளவை முடிவு செய்கிறோம். விழா அன்று கூட்டம் நிறைந்ததும் மறுபடி ஒரு முறை கேட்கிறோம். வெற்று மண்டபத்தில் எதிரொலி மிகும். மக்கள் அமர்ந்தால் அவர்களின் உடலும் உடையும் ஒலியை உள்வாங்கும். மின்விசிறிகளின் இரைச்சலும் சேரும். அருகிலுள்ள பாதையில் ரயில் கடந்தால், பேச்சைச் சற்று நிறுத்தித் தொடருமாறு பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறோம்.

பின்னால் கேட்கவில்லை என்றதும் முன்னாலுள்ள பெட்டியின் ஒலியைக் கூட்டுவது பலரின் வழக்கம். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடும். ஆகவே முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்களே தவிர, பின்வரிசைக்குப் பயன் குறைவு. பெண்கள் பகுதிக்கெனத் தனிப் பெட்டி வைத்து, அளவான ஒலியில் ஓட விடுவதே முறை. பெட்டிகள் எப்போதும் பேசுபவருக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்க வேண்டும். அவற்றின் ஒலி மைக்கினுள் திரும்ப நுழைந்தால்தான் அந்த ஊளைச் சத்தம் எழுகிறது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு மைக் ஸ்டாண்டைத் தாழ்த்திக் கொடுக்க ஒருவர் மேடை ஓரத்தில் இருக்கிறார். எட்டாத மைக்கைப் பார்த்துக் கழுத்தை நீட்டும் பிள்ளைக்கு, மனனம் செய்தது பாதி மறந்துவிடும். மைக்கைத் தட்டியும் ஊதியும் பார்க்க விடுவதில்லை. ஸலாம் சொன்னாலே சோதனை முடிந்துவிடும். மின்சாரம் நின்றால் உதவ, பேட்டரியில் இயங்கும் கைமைக் ஒன்றும் தயாராக இருக்கும்.

கேட்க விரும்புபவருக்கு எட்டச் செய்வது ஒரு கடமை என்றால், விரும்பாதவரை வருத்தாமல் இருப்பது மறு கடமை. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது மக்கள் சப்தமிட்டு ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்தார்கள். குர்ஆன் ஓதுவதற்கே இந்த வரம்பு என்றால் நம் பேச்சு எம்மாத்திரம்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பும் உண்டு. நம் தெருவில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவரும் எந்த மதத்தவராயினும் நம் அண்டை வீட்டார். மண்டபத்துக்குள் பல பெட்டிகளைத் தாழ்ந்த ஒலியில் வைத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். அடுத்த வீட்டு உறக்கமும் கெடாது.

அடுத்த விழாவுக்கு உங்கள் ஜமாஅத் தேதி குறிக்கும்போது, பேச்சாளர் யார் என்று கேட்பதோடு, பெண்கள் பகுதியில் முன்கூட்டியே அமர்ந்து கேட்டுப் பார்ப்பவர் யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பெயரையும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

நல்ல சொல்லை நம் நாவிலும், அது சேர வேண்டிய செவிகளிலும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.