‘ஜெயிச்ச இன்ஜினை எனக்குக் கொடு!’ - அமெரிக்கச் சிற்றூர் ரேஸில் ஒரு விநோத விதி

நாஸ்கார் ரேஸை டி.வி-யிலோ யூடியூபிலோ பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கர்கள் ஒட்டிய கார்கள், ஸ்டேடியம் நிறையக் கூட்டம், கோடிகளில் ஸ்பான்சர். நான் சொல்லப்போவது அதையல்ல. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் சனிக்கிழமை ராத்திரிகளில் நடக்கும் ரேஸ் பற்றி. கால் மைல், அரை மைல் நீளத்துக்கு ஒரு முட்டை வடிவ டிராக். பல ஊர்களில் அது தார் கூடக் கிடையாது, வெறும் களிமண். ஓட்டுகிறவர் வாரம் முழுக்க வெல்டிங் வேலையிலோ லாரியிலோ இருப்பவர். ஜெயித்தால் சில நூறு டாலர் பரிசு.

இதில் ஒரு பிரிவுக்குப் பெயர் ‘ஸ்ட்ரீட் ஸ்டாக்’. தெருவில் ஓடிய பழைய கார், கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட வேண்டும் என்பது அடிப்படை. உள்ளே இருக்கும் சீட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டிரைவர் உயிருக்குப் பாதுகாப்பாக இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றை வெல்டிங் செய்துகொள்வார்கள். மற்றபடி பெரிதாகக் கை வைக்கக் கூடாது.

அங்கே சனி இரவு எட்டு மணி என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை ஐந்தரை. டிஜிட்டல் டெஸ்க்கில் விடிகாலை ஷிஃப்ட் பார்க்கும் எனக்கு இந்த ரேஸ்களின் லைவ் வீடியோதான் துணை. ஆனால், ரேஸைவிட என்னை இழுத்துப் பிடித்தது இவர்களின் விதிப்புத்தகங்கள்தான். ஊருக்கு ஊர் விதி மாறும். கார்புரேட்டர் எந்த அளவு, ஸ்பிரிங் எந்த உயரம், கார் எவ்வளவு எடை என்று பக்கம் பக்கமாகப் போகும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே கவலைதான்: பணக்காரன் காசை வைத்தே ஜெயித்துவிடக் கூடாது.

அதில் ஒரு விதியைப் படித்துவிட்டுச் சிரித்தேவிட்டேன். அதன் பெயர் ‘கிளெய்ம்’. ரேஸ் முடிந்ததும், தோற்றவர்களில் தகுதியுள்ள ஒருவர், ஜெயித்தவரின் இன்ஜினை முன்கூட்டியே அறிவித்த விலைக்குக் கேட்கலாம். உதாரணத்துக்கு விலை ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐயாயிரம் செலவழித்து இன்ஜினைச் செதுக்கியிருந்தாலும், ஆயிரத்தை வாங்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ‘மாட்டேன்’ என்றால் பரிசும் போச்சு, புள்ளிகளும் போச்சு. அயோவாவை மையமாகக் கொண்ட ஐ.எம்.சி.ஏ என்ற அமைப்பு 1979-ல் ‘மாடிஃபைட்’ என்ற பிரிவைத் தொடங்கியபோது இந்த விதிதான் அதற்கு முதுகெலும்பு. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டாம், மெஷின் வேண்டாம். அதிகம் செலவழித்தால் இழப்பு உனக்குத்தான் என்ற பயமே காவல்காரன்.

கோவையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இருபத்தைந்து வயதில் இரண்டு வருடம் பைக் ரேஸ் ஓட்டியவர்.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நாலு பேரு கூடிப் பேசி வெச்சுக்கிட்டு, புடிக்காதவன் இன்ஜினையே வாராவாரம் தூக்குனா அவன் என்ன பண்ணுவான்?” என்றார்.

அங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. பகையைத் தீர்த்துக்கொள்ள ‘கிளெய்ம்’ கேட்பது இந்த விதியின் பழைய வியாதி. அதற்கு மருந்தாகக் கூடுதல் விதிகள் வந்தன.

திருட்டுத்தனம் என்பது இந்த விளையாட்டின் வயதுதான். 1949 ஜூன் 19-ம் தேதி, வட கரோலினாவின் சார்லட்டில் நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ ரேஸ் நடந்தது. முதலில் கோட்டைத் தாண்டியவர் கிளென் டனவே. பரிசோதனையில் அவர் ஓட்டிய ஃபோர்டு காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் வேலை செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. கள்ளச் சாராயம் கடத்தும் கார்களில் செய்யும் வித்தை அது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் முதலாளி கோர்ட்டுக்குப் போனார். கேஸ் நிற்கவில்லை. முதல் ரேஸிலேயே இப்படி!

‘கிளெய்ம்’ விதியால் வரும் சண்டை வேண்டாம் என்று நினைத்த டிராக்குகள் வேறு வழிக்குப் போயின. ஜி.எம் நிறுவனம் பெட்டியில் போட்டு விற்கும் ரெடிமேட் இன்ஜின் ஒன்று இருக்கிறது. ‘602’ என்பார்கள். சுமார் 350 குதிரைத்திறன். முக்கியமான இடங்களில் சீல் வைத்த போல்ட்டுகள். பிரித்தால் சீல் உடைந்துவிடும். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், பிரச்னை தீர்ந்தது என்றுதானே தோன்றும்? போலி சீல் போல்ட்டுகள் வந்துவிட்டன. டயரிலும் அப்படித்தான். ஒரே கம்பெனி டயர்தான் என்று கட்டாயமாக்கினால், ரப்பரை மிருதுவாக்கும் ரசாயனத்தில் டயரை ஊறவைத்துக் கொண்டுவருகிறார்கள். அதைப் பிடிக்க டயர்த் துண்டை வெட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். அந்த டெஸ்ட்டுக்கும் யாரோ ஒருவர்தான் காசு கொடுக்க வேண்டும். ஒரு டயரே நூறு டாலருக்கு மேல், நம் காசுக்கு எட்டாயிரம் ரூபாயைத் தாண்டும் விளையாட்டு இது.

சீல் இன்ஜின் பற்றிச் சொன்னதும் சித்தப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோவையில் கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ கொண்டுவந்த காலத்து ஆள் அவர். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்ற யோசனை அவருக்குப் புதிதல்ல. ஆனால், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“எங்கிட்ட காசு இல்ல கண்ணு, கைதான் இருந்துச்சு. பழைய இரும்புக் கடையில எடுத்து வந்ததை ராத்திரியெல்லாம் உக்காந்து கடைஞ்சேன். காசு இருக்கறவனோட அதை வெச்சுத்தான் மோதுனேன். சீல் போட்டுட்டா எங்கையில இருந்ததுக்கு என்ன மதிப்பு?”

இந்தக் கேள்வியை எந்த விதிப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. இன்ஜினைச் செதுக்க ஆள் வைக்கும் பணக்காரனைத் தடுக்கிறது சீல். அதே சீல், பழைய இன்ஜினைத் தானே தேற்றி ஓட்டிய மெக்கானிக்கை, பல ஆயிரம் டாலர் கொடுத்துப் புது இன்ஜின் வாங்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால், திருட்டுக்கு இடம் கொடுத்தாலும் ‘கிளெய்ம்’தான் நியாயமான விதி. அது கைத்திறனுக்குத் தடை போடவில்லை, பணத்தைக் கொட்டினால் ஆபத்து என்று மட்டும் சொல்கிறது. சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி கண்விழித்துக் கடைந்ததை ஆயிரம் டாலருக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும் என்கிறார். இரண்டு வருடத்தில் பைக்கை விற்றுவிட்டு வந்தவர். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை, அன்றும் நான் எடுக்கவில்லை.

இதற்கிடையில் காரே கிடைக்காமல் போய்விட்டது. ஸ்ட்ரீட் ஸ்டாக்கில் ஓடுவது பெரும்பாலும் ஷெவ்ரலே மான்டே கார்லோ, கமாரோ போன்ற பின்சக்கர இழுவைக் கார்கள். பலரும் நம்பியிருந்த மான்டே கார்லோ ரகம் 1988-லேயே நின்றுபோனது. துரு பிடித்து, மோதி, நசுங்கி, பழைய இரும்புக் கடைகளில்கூட இப்போது அபூர்வம். எனவே, ‘ஒரிஜினல் மாதிரியே’ புதிதாகத் தயாரித்த பாகங்களை டிராக்குகள் அனுமதிக்கின்றன. ஏழைகளின் பிரிவு என்று தொடங்கியதில் தெருவில் ஓடிய பாகம் குறைந்துகொண்டே வருகிறது, செலவு ஏறிக்கொண்டே போகிறது.

கட்டுப்படியாகாதவர்களுக்காக இன்னும் கீழே ஒரு படி போட்டிருக்கிறார்கள். ஹோண்டா சிவிக், ஷெவ்ரலே கோபால்ட் மாதிரியான நான்கு சிலிண்டர் சின்னக் கார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஓட்டும் பிரிவு. அதற்கும் தனி விதிகள் உண்டு, புரட்டிப் பார்த்தேன். சில டிராக்குகளில் அங்கேயும் ‘கிளெய்ம்’ வந்துவிட்டது. இன்ஜின் மட்டுமல்ல, முழுக் காரையே கேட்கலாம்.