இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை

டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராய் என்ற ஊரில் என் சித்தி மகன் இருக்கிறான். கார் கம்பெனியில் பிரேக் பிரிவில் வேலை. அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு தமிழ் இன்ஜினியர் மேல்தான் விழவேண்டும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை காலையில், “அண்ணா, இன்னிக்கு உட்வர்ட் ரோட்டுக்குப் போகலைன்னா இந்த ஊருக்கு வந்ததே வேஸ்ட்” என்று கிளப்பினான். அங்கே அன்று பழைய கார்களின் ஊர்வலமாம். எனக்கு மனசே இல்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போகிற வண்டிகளைச் சாமியாகக் கும்பிடும் கிழவர்களைப் பற்றி நான் முன்கூட்டியே ஒரு முடிவோடு இருந்தேன்.

ரோட்டோரம் நின்ற முதல் அரைமணி நேரத்தில் அந்த முடிவு இன்னும் கெட்டிப்பட்டது. ஃபெர்ண்டேலிலிருந்து போன்டியாக் ஊர் வரை சுமார் 25 கிலோமீட்டருக்கு மடக்கு நாற்காலிகள். நடுவே அறுபதுகளின் பெரிய இன்ஜின் போட்ட மசில் கார்கள் ஊர்கின்றன. அவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. எரியாத பெட்ரோல் தொண்டையில் காறுகிறது. ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் நரைத்த தாடி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்க முடியாததை, பென்ஷன் வாங்கும்போது வாங்கியிருக்கிறார்கள்.

தம்பி கோனி டாக் வாங்கப் போனான். ராயல் ஓக் பக்கம் ஒரு கடையின் பார்க்கிங்கில் காலி நாற்காலி ஒன்று தெரிந்தது. “உட்காரலாமா?” என்றேன். “உட்காருங்கள், ஆனால் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்” என்றார் அதை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். பக்கத்தில் அவருடைய அண்ணன். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. எதிரே ஆரஞ்சு நிறத்தில், பின்னால் இறக்கை வைத்த 1969 போன்டியாக் ஜிடிஓ. அதிலும் ‘ஜட்ஜ்’ என்ற வகை.

வண்டி அவர்களுடைய அப்பாவுடையது. அவர் போன்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இறந்துவிட்டார். அண்ணனுக்கு அதை ஏலத்துக்கு அனுப்பிப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தங்கைக்கு அதில் இஷ்டமில்லை. அதுவரை எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வண்டிக்குப் பதில் தென்னந்தோப்பு, அவ்வளவுதான். ஆனால் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து மடியில் விரித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று எங்கள் ஊரில் அடுக்குவார்களே, அதே பக்தியோடு ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டினார்.

1966 முதல் 1971 வரை வந்த ஜிடிஓ வண்டிகளின் எண் 242 என்று தொடங்கும். ஆகவே இது ஜிடிஓ என்பதற்கு வண்டியே சாட்சி. ஆனால் ‘ஜட்ஜ்’ என்பது 1969-இல் 332 டாலர் கூடக் கொடுத்தால் கிடைத்த ஒரு கூடுதல் தொகுப்பு. எண்ணில் அது தெரியாது. ஆரஞ்சு பெயின்ட், ஸ்டிக்கர், இறக்கை மூன்றையும் வாங்கி மாட்டினால் எந்த ஜிடிஓவும் ஜட்ஜ் ஆகிவிடும். அப்படி ஆனவை ஏராளம். அசலை நிரூபிக்க அன்றைய ஃபேக்டரி பில்லின் நகல் வேண்டும். அதைக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்க போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. போன்டியாக் கார் 2010-இல் நின்றுபோனது. அதன் காகிதம் இன்னும் விற்கிறது.

“எல்லாம் சரியாக இருக்கிறதே, பிறகென்ன?” என்றேன்.

“இன்ஜின்” என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

1968-லிருந்து வண்டி எண்ணின் கடைசிப் பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் பொறித்தார்கள். இரண்டும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. இந்த வண்டியில் பொருந்தாது. 1970-இல் ஒரு ராத்திரி இதே உட்வர்ட் ரோட்டில் அப்பா ரேஸ் விட்டபோது கனெக்டிங் ராடு ஒடிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. டீலர் வாரண்டியில் எண் இல்லாத புது பிளாக்கைப் போட்டுக் கொடுத்தார். அப்போது அது இலவசம். இப்போது அதனால் விலையில் பெரிய துண்டு விழுகிறது.

“ஒழுங்காக ஓட்டியிருந்தால்…” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“ஒழுங்காக ஓட்டுகிறவன் ஏன் ஜிடிஓ வாங்குகிறான்?” என்றார் தங்கை.

நியாயமான கேள்வி என்று பட்டது. ஜிடிஓ பிறந்ததே விதியை ஏய்க்கத்தான். நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று போன்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. போன்டியாக் இன்ஜினியர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் 1964-இல் 389 கன அங்குல இன்ஜினை ‘கூடுதல் வசதி’ என்று கணக்குக் காட்டி நுழைத்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததை அலுங்காமல் வைத்திருந்தவனுக்குத்தான் இன்றைய சந்தை பரிசு தருகிறது. அதைவிட வேடிக்கை, அன்று விலை போகாததற்கும் பரிசு உண்டு. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறி ஆசை வடிந்த 1971-இல் பிளிமத் கம்பெனி ஹெமி என்ற பெரிய இன்ஜின் போட்டுச் செய்த திறந்த கூரை ’குடா வண்டிகள் ஒரு டஜனைத் தாண்டவில்லை. அவற்றில் ஒன்று 2014 ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

தங்கை விடவில்லை. “பிளாக் கோஸ்ட் என்ன விலை போனது? சொல்லேன்.”

அது இந்த ரோட்டின் கர்ணபரம்பரைக் கதை. டெட்ராய்ட் போலீஸ்காரர் ஒருவர் தன் கறுப்பு 1970 டாட்ஜ் சேலஞ்சரில் ராத்திரி வருவார், ஜெயிப்பார், காணாமல் போவார். அவர் மகன் 2023-இல் விற்றபோது பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அடிபட்ட உடம்போடுதான். தங்கை அடுத்ததையும் எடுத்தார்: ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974-இல் ஒருவர் சுமார் 6,000 டாலருக்கு வாங்கி, வேலைக்குப் போய்வரப் பயன்படுத்திய குடும்ப வண்டியாக்கினார். 2020-இல் அது கட்டணத்தோடு 37 லட்சம் டாலர், நசுங்கல்கூட நிமிர்த்தப்படவில்லை.

“மஸ்டாங்குக்கு மெக்வீன் எழுதிய கடிதம் இருக்கிறது. பிளாக் கோஸ்டுக்குத் தேசிய வாகனப் பதிவு இருக்கிறது” என்றார் அண்ணன். “அப்பாவுக்கு என்ன இருக்கிறது?”

அந்தச் சந்தையை அவர் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார். கதைக்கும் அங்கே காகிதம் வேண்டும். எனக்கு என்னவோ அந்த ஃபைல் மேல் எரிச்சல் வந்தது. காலையில் வண்டிகள் மேல் இருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

தம்பி கோனி டாக்கோடு வந்தான். சாஸேஜ் மேல் கறிக்குழம்பு, கடுகு விழுது, பச்சை வெங்காயம். மூன்றாவது வாயில் சட்டையில் சிந்தியது. தங்கை துடைக்கக் காகிதம் கொடுத்தார். அண்ணன் அவசரமாக ஃபைலை மூடிக்கொண்டார்.

அப்போது பேஸ்பால் தொப்பி போட்ட ஒருவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: “நம்பர்ஸ் மேட்சிங்கா?”

அண்ணன் வாய் திறக்குமுன், “இல்லை. ரேஸில் இன்ஜின் வெடித்துவிட்டது. இதே ரோட்டில்தான்” என்றார் தங்கை.

வந்தவர் போய்விடுவார் என்று நினைத்தேன். “யாரோடு?” என்றார்.

“ஒரு பிளிமத் ரோட் ரன்னரோடு. நான் முன் சீட்டில் இருந்தேன்.”

“ஜெயித்தாரா?”

“ஜெயித்தார்” என்றார் தங்கை.

“தோற்றார்” என்றார் அண்ணன். “உனக்கு அப்போது பதினோரு வயது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாயாம், அப்பாவே சொன்னார்.”

“வெடித்த பிறகுதான் மூடினேன். அதற்குள் கோட்டைத் தாண்டியாகிவிட்டது.”

“எந்தக் கோடு? ரோட்டில் ஏது கோடு?”

தொப்பிக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இன்னொரு நாற்காலி இருக்கிறதா என்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன்.