கடைசியாக உண்பவரின் தட்டு

 

எங்கள் ஊர் இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையில் வயல்கள் சூழ்ந்து கிடக்கும் ஊர். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் வீடுகளுக்கு ஒரு பெருமையும் வந்து சேரும். ஒரு கவலையும் வந்து சேரும். பெருமை, உறவினர் வருகை. கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் அருவியில் குளிக்க வருகிறவர்கள் விடுதிக்கா போவார்கள்? நம் வீட்டிற்குத்தான் வருவார்கள். கவலை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எவருக்கும் அது தெரியும்.

நான் மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். கல்லூரியில் வரலாறு படித்துக் கலைப் பட்டமும் பெற்றவன். வயது நாற்பத்தாறு. வீட்டில் ஐந்து பேர்: வயதான தாயார், மனைவி, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், நான். வாடகை, மின்கட்டணம், மருந்து, பிள்ளைகளின் செலவு எல்லாம் போகச் சாப்பாட்டிற்கென்று மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிறது. இந்தத் தொகைக்குள், யாரிடமும் கடன் சொல்லாமல் குடும்பம் நடத்துகிறேன் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது. 'நடத்துகிறேன்' என்று எழுதிவிட்டேன். உண்மையில் நடத்தியது யார், எதைக் கொண்டு நடத்தினார் என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முந்தைய சீசன் அது. உறவினர் எட்டுப் பேர் வந்து நான்கு நாட்கள் தங்கினார்கள். ஒரு மாலை அவர்களைப் பிரானூர்ப் பக்கம் பரோட்டாக் கடைக்கு அழைத்துச் சென்றேன். அந்த ஒரு மாலைச் செலவு எங்கள் வீட்டின் ஒரு மாதக் காய்கறிச் செலவை விஞ்சியது. என் தாயாருக்குத் துணையாக மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டார். விருந்தினர் மகிழ்ந்து விடைபெற்றுப் போன மறுநாள், துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி கல்லின் அருகிலேயே மயங்கி விழுந்துவிட்டார்.

தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும் என்றார் மருத்துவர் அம்மையார். "வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுக்கறி எடுக்கிறோம் டாக்டர்" என்றேன். "நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்கள் சொல்லட்டும். நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் அம்மா?" என்றார் அவர்.

என் மனைவி சற்றுத் தயங்கி, "சோறும் ரசமும்" என்றார்.

"முந்தாநாள்?"

"விருந்தாளிகள் இருந்தார்கள். ஆணம் தீர்ந்துவிட்டது. ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டேன்."

வாசகர்களே! அந்த முந்தாநாள் மதியம் நானும் வீட்டில்தான் இருந்தேன். பந்தியில் அமர்ந்து, "இன்னும் கொஞ்சம் கறி வையுங்கள்" என்று விருந்தினரை உபசரித்தவன் நான்தான். சட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மட்டுமல்ல, பத்தொன்பது ஆண்டு மணவாழ்வில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

இது என் வீட்டின் கதை மட்டுமன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் உணவும் முக்கியமானது. இத்தனை பேரும் அடுப்பெரியாத வீட்டுப் பெண்கள் அல்லர். நம் வீட்டு அடுப்பை எரிக்கிற பெண்கள்.

வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஒரு மாதச் செலவை ஒன்று விடாமல் எழுதினேன். வெள்ளிக்கிழமை தோறும் அரைக்கிலோ ஆட்டுக்கறி: 1,600 ரூபாய். மாலையில் தூக்குவாளியில் வாங்கும் கடைத் தேநீரும் வடையும்: 900 ரூபாய். பிஸ்கட், சிப்ஸ், பாட்டில் பானம்: 1,100 ரூபாய். ஆக மொத்தம் 3,600 ரூபாய். ஒன்பதாயிரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பருப்புக்கு என்ன செலவாகியிருந்தது? ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய். வெளியில் ஒரு கிலோ 150 ரூபாய். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை! ரேஷன் அரிசி 20 கிலோ விலையில்லாமல் வருகிறது. ஆகவே சோற்றுக்குப் பஞ்சமில்லை. வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உணவு என்று கொண்டால், அதில் அரிசி, கோதுமை போன்ற தானியம் 250 கிராம் போதும். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம். காய்கறியும் கீரையுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது அது. நான் கணக்குப் போட்டேன். 85 கிராம் வீதம் ஐந்து பேருக்கு முப்பது நாளைக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோ! தாயாருக்கும் சிறுவனுக்கும் கொஞ்சம் குறைத்தாலும் பத்துக் கிலோவாவது வேண்டும். எங்கள் வீட்டிலோ பருப்பும் கறியும் சேர்ந்து நான்கு கிலோதான். அந்த நான்கிலும் என் மனைவிக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பது எழுதக் கூசும் கணக்கு. கறி எடுக்கும் நாட்களில் இரும்புச்சத்து மிகுந்த ஈரல் எனக்கென்று தனியே பொரித்து வைக்கப்படும். நானும் அதை என் உரிமை போல் உண்டு வந்தேன்.

வருமானத்தைக் கூட்ட எனக்கு வழியில்லை. ஆகவே இருக்கிற ஒன்பதாயிரத்தையே வேறு விதமாகப் பங்கிட முடிவு செய்தோம்.

முதலில் பயறு வகைகள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, காணம், தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து, கொண்டைக்கடலை என்று மாதம் ஆறு கிலோவாக உயர்த்தினோம். ரேஷன் பருப்பையும் சேர்த்து ஏறத்தாழ எழுநூறு ரூபாய் ஆகிறது. அரிசியில் குறைவாக உள்ள ஒரு வகைப் புரதச் சத்து பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவானதை அரிசி ஈடு செய்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமை பெறும். நம் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால். நாள் முழுதும் பசித்த உடம்புக்கு நம் முன்னோர் ஒரே சட்டியில் ஆக்கி வைத்த அறிவு அது. முப்பது நாள் போற்றிக் குடிக்கிறோம். பெருநாள் பிறை தென்பட்டதும் அந்த அறிவைச் சட்டியோடு கழுவி எடுத்து வைத்துவிடுகிறோமே!

அடுத்து, கறியை மாதம் ஒரு முறையாக்கினோம். அரைக்கிலோக் கறியின் விலைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைக்கின்றன. வாரம் ஒரு நாள் சாளை மீன். விலை மலிவென்று சிலர் அதை இகழ்வார்கள். ஆனால் இதயத்திற்கு நலம் தரும் கொழுப்பும், முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு. மாதம் ஒரு முறை கறி எடுக்கும்போது நூறு கிராம் ஈரல் சேர்த்து வாங்குகிறோம். அது இப்போது என் தட்டுக்கு வருவதில்லை.

மூன்றாவது, கீரை. கொல்லையில் ஊன்றிய முருங்கைக் கொம்பு மழைக்குத் துளிர்த்து இன்று மரமாகிவிட்டது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து, இறைச்சியில் உள்ளது போல எளிதில் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ உடன் சேர்ந்தால் நன்கு சேரும். உணவோடு தேநீர் குடித்தால் சேர்வது குறைந்துவிடும். என் மனைவிக்கோ காலை உணவே பல நாள் தேநீர்தான். பசியை அடக்க அவர் கண்ட மலிவான வழி அது. இப்போது உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுகிறோம். சீசனில் குற்றாலத்துக் கடைகளில் குவியும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் எங்களுக்கு ஒரு நாள் ருசி மட்டுமே. கொய்யாவும் பப்பாளியும் அன்றாடப் பழம்.

காய்கறியை அன்றன்று ஆசைப்பட்டு வாங்குவதை விட்டோம். பாவூர்சத்திரம் சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதுவே அந்த வாரத்துச் சமையல். கத்தரி மலிந்தால் கத்தரி. பூசணி மலிந்தால் பூசணி.

அரசு தருவதை வெட்கமின்றிப் பெற்றுக்கொள்ளவும் கற்றுக்கொண்டோம். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் என் மகன் பள்ளியிலேயே காலையில் உண்கிறான். மதியச் சத்துணவில் முட்டையும் உண்டு. "ஓதிக் கொடுப்பவர் மகன் அங்கே போய்த் தட்டேந்துவதா?" என்று முன்பு நான் தடுத்திருந்தேன். அந்த வீண் கௌரவத்தின் விலையை யார் கொடுத்தார் என்பது இப்போது எனக்குத் தெரியும். மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். குமட்டுகிறது என்று அவள் அதை எறிந்துவந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாப்பாட்டிற்குப் பின் விழுங்கு என்று சொன்னோம், இப்போது விழுங்குகிறாள்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது ஒரு சிறிய மாற்றம். எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்பது. "ஆண்கள் சாப்பிட்டு எழட்டும்" என்பார் என் தாயார். "பரிமாற ஆள் வேண்டாமா?" என்பார் என் மனைவி. நம் திருமண விருந்துகளில் சஹனைச் சுற்றி அமர்கிறோம். அங்கே முதலில் உண்பவரும் இல்லை, கடைசியில் உண்பவரும் இல்லை. ஊருக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு வீட்டிற்குள் ஏன் நுழையவில்லை? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்றும், குழம்புக்குக் காடி மட்டுமே இருந்த நாளில் அதையே புகழ்ந்து உண்டார்கள் என்றும் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். பாடம் சொன்ன வாய்க்கும் உண்ட வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம்! இப்போது சட்டிகளை நடுவில் வைத்துவிட்டு ஐவரும் அமர்கிறோம். என் மனைவியின் தட்டில் ஆணமும் கீரையும் விழுந்த பிறகே நான் கை வைக்கிறேன்.

சென்ற சீசனுக்கும் உறவினர்கள் வந்தார்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் முட்டை ஆணமும் வைக்கலாம் என்றேன். என் தாயார் மனம் பொறுக்காமல், "என்ன வாப்பா, வந்தவர்களுக்கு உளுந்துச் சோறா போடுவது? ஊர் என்ன சொல்லும்?" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருவர், "கறி ஒன்றும் எடுக்கவில்லையா?" என்று கேட்கத்தான் செய்தார். முகம் சற்றுச் சுருங்கத்தான் செய்தது. பொய் சொல்ல விரும்பாமல் சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வந்திருந்த பெண்மணி ஒருவர் என் மனைவியை அருகில் அழைத்து, "இந்தப் பரிசோதனையை எங்கே எடுத்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

மருத்துவர் தந்த மாத்திரைகளும் இந்த உணவும் சேர்ந்து ஆறு மாதத்தில் என் மனைவியின் கணக்கு 11.4 ஆனது. இன்னும் 12ஐ எட்டவில்லை. இன்ஷா அல்லாஹ் எட்டும். கீரையை நம்பி மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குறைகளும் தீர்ந்துவிடவில்லை. ஐந்து பேருக்கு அரை லிட்டர் பால்தான் வாங்க முடிகிறது. அதையும் உறை ஊற்றி மோராகப் பெருக்கிக் கொள்கிறோம். எண்ணெய் விலை ஏறும் மாதங்களில் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது.

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. குறைந்த வருமானத்தில் குடும்பம் நடக்கிறதென்றால், அந்தக் குறை எங்கோ ஓரிடத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அது கணவனின் தட்டில் விழுவதில்லை. பிள்ளைகளின் தட்டில் விழத் தாய் விடுவதில்லை. விருந்தினர் தட்டில் விழக் குடும்பப் பெருமை விடுவதில்லை. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தட்டு. நாம் சிக்கனம் என்று மெச்சிக்கொள்வது பல நேரங்களில் அந்த ஒரு தட்டிலிருந்து எடுத்ததுதான்.

வாசகர்களே! இன்று இரவு உங்கள் வீட்டில் எல்லோரும் உண்டு முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். கடைசியாக அமர்பவர் அமரும் வரை காத்திருங்கள். அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டு மளிகைக் கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். நம் அனைவரின் இல்லங்களிலும் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக! அதைச் சமமாகப் பங்கிட்டு உண்ணும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.