கல்லோடு வந்தது

அதை முதலில் பார்த்தது நானல்ல, அப்பா. நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான பாவு இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கண் அவருக்கு. தேசூரில் எங்கள் வீட்டில் இரண்டு தறி இருந்தது. ஒன்றைக் கழற்றிய இடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடலை நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் தொட்டி உப்பைக் கரைத்த கடல். பட்டுச்சேலை நெய்கிற தெருவில் இது என்ன கூத்து என்று கேட்காத ஆள் இல்லை.

“இன்னாடா இது, இந்தக் கல்லுல ஏதோ முளைச்சிருக்குது?”

சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த கல். அதன்மேல் பச்சைப் பொத்தான்களைத் தைத்த மாதிரி சோயாந்தஸ் கூட்டம். பவள வகைக்கு உறவு, ஆனால் கல் கட்டாது. கல் கட்டும் பவளங்களையும் கடல் விசிறியையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள், புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. அதனால் அந்தப் பக்கம் நான் போவதில்லை.

பொத்தான்களுக்கு இடையே அரை நகம் உயரத்தில் பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு தண்டு. உச்சியில் முடி மெல்லிசில் நூறு கைகள். துடைப்பக் குச்சியால் தொட்டேன். கண் சிமிட்டுவதற்குள் கல்லின் ஓட்டைக்குள் போய்விட்டது. பக்கத்திலிருந்த இரண்டு பொத்தான்கள் மட்டும் மூடியே கிடந்தன. அது கொட்டியிருக்கிறது.

பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆசாமிகளைப் பற்றித் தொட்டி வைப்பவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். என் கல்லிலேயே இரவில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் அடித்துப் பார்த்தபோது மயிர்ப்புழு ஒன்று ஊர்ந்தது. பதறிப்போய் இடுக்கியால் எடுத்தேன், விரலில் மயிர் குத்தி இரண்டு நாள் அரிப்பு. அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை செத்ததைத் தின்று தொட்டியைத் துப்புரவு செய்கிறவை என்று பிறகுதான் படித்தேன். அநியாயமாகக் கொன்றிருக்கிறேன். ஆனால் இந்தக் கண்ணாடித் தண்டுக்குப் பரிந்து பேச ஆள் கிடையாது. இதன் பெயர் அய்ப்டேசியா, கடல் சாமந்தி இனம்.

பெயர் தெரிவதற்கு முன்பே முதல் தப்பைச் செய்துவிட்டேன். பிடுங்கினேன். மூன்று வாரத்தில் அதே இடத்தைச் சுற்றி ஏழு. இதன் அடிப்பாதம் நகரும்போதே தன் சதைத் துணுக்குகளை உதிர்த்துவிட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் முழு உயிராக வளரும். நான் பிய்த்தது அதற்குப் பதியம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கல்லைக் கொதிநீரில் போடலாமென்றால் அதுவும் ஆகாது. சோயாந்தஸ் வகையில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வேகவைத்தால் ஆவியோடு மூக்கில் ஏறும், குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு.

கடைசியில் கைகொடுத்தது சுண்ணாம்பு. அப்பா வெற்றிலைப் பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். அதில் வாசனை கலந்திருக்கும் என்று வாங்கவில்லை. சுத்தமான நீர்த்த சுண்ணாம்பை ஆர்.ஓ. தண்ணீர் விட்டுக் கெட்டித் தயிர்ப் பதத்தில் குழைத்து ஊசிபோடும் சிரிஞ்சில் ஏற்றினேன். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும் அதன் வாய்க்கு நேராக ஒரு சொட்டு. இரை என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். அடுத்த நிமிஷம் சுருண்டு, வெள்ளை மேட்டுக்கு அடியில் வெந்து அடங்கும். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் தொட்டித் தண்ணீரின் காரம் ஏறி மீன் தவிக்கும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டதே சுண்ணாம்புக்காகத்தான். சிரிஞ்சைப் பிடித்திருக்கும்போது அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

ஏழும் ஒழிந்த பிறகுதான் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி குடைந்தது. கல்லை வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் மறைக்கவில்லை. “இது எல்லாத் தொட்டியிலயும் இருக்கும் சார்” என்று கீழே குனிந்து காட்டினார். இருபது தொட்டிக்கும் ஒரே வடிகட்டித் தொட்டி. அதன் இருட்டு மூலையில், குழாயின் வாய் ஓரம் முழுக்க அய்ப்டேசியா. அவருக்கு எந்தச் சரக்கோடு வந்தது? அவர் கையை மேலே தூக்கினார்.

மிச்சத்தை ஆய்வுக் கட்டுரைகளில் தேடினேன். அட்லாண்டிக்கில் ஒரு பெயர், ஹவாயில் இன்னொரு பெயர் என்று கடலுக்குக் கடல் வேறு வேறாக எழுதி வைத்திருந்ததை 2014இல் ஒரே இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மரபணு ஆய்வு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ளது ஒரு கூட்டம், உலகத்தின் மற்றக் கடல்களில் உள்ளதெல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டம். தானாக மிதந்து இப்படிப் பரவியிருக்க முடியாது, மனிதன்தான் கடலுக்குக் கடல் சுமந்து போயிருக்கிறான் என்பது அவர்கள் கணிப்பு. இதற்குள்ளும் பவளத்துக்குள் வாழும் அதே வகை நுண்பாசிதான் வாழ்கிறது. வளர்ப்பதும் சுலபம். அதனால் பவளம் ஏன் வெளுக்கிறது என்று ஆராய்கிறவர்கள் இதைத் தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். இதன் மரபணுத் தொகுப்பை 2015இல் வெளியிட்டார்கள். நான் சுண்ணாம்பு வைத்துக் கொன்றதை அங்கே இரை கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இந்த யோசனையெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் அம்மாவின் திதிக்கு ராமேஸ்வரம் போனோம். திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கினேன். பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கரையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தொட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“ஒங்க தொட்டியில ஏழு. எங்க கடல்ல பெப்சி பாசி வந்துச்சே, தெரியுமா தம்பி?”

கப்பாபைகஸ் ஆல்வரேசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஐஸ்கிரீம், பற்பசையைக் கெட்டியாக்கும் கராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் ஜப்பான் வழியாக வரவழைத்து, பிறகு மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் பாக் விரிகுடாப் பக்கம் வளர்ப்பைத் தொடங்கியது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. பல பெண்களுக்குக் கையில் காசு வந்தது, அதையும் அந்த அக்கா அழுத்திச் சொன்னார்.

2008இல் மதுரை தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்த சந்திரசேகரனும் உடன் ஆய்வாளர்களும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: குருசடைத் தீவில் கொம்புப் பவளத்தின் மேல் இந்தப் பாசி போர்வையாகப் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து மூச்சடைக்க வைக்கிறது. 1986லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் அதுவும் ஒன்று. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்க வைத்தது.

“பிடுங்கினா போயிருமா?” என்று கேட்டேன்.

“ஒடஞ்சு கல்லுல ஒட்டுன துண்டு விட்டுறுமா? கிள்ளிப் போட்டாலே மொளைக்கிற சாதி. அப்படி மொளைக்குதுன்னுதானே மிதவையில கட்டுறோம்.”

சிரிஞ்சை வைத்துக்கொண்டு ஒரு தொட்டியைக் காவல் காக்கலாம். குருசடையில் நீரோட்டத்தை நிறுத்திவைக்க மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

ஊருக்கு வந்ததும் அந்தக் கல்லையே கைகழுவினேன். கையுறையும் கண்ணாடியும் போட்டு, சோயாந்தஸை அடியோடு சீவி எடுத்துப் புதிய பீங்கான் வில்லையில் ஒட்டினேன். பழைய கல் மொட்டை மாடி வெயிலில் கிடக்கிறது. இப்போது எது வந்தாலும் நாற்பது நாள் தனி வாளியில் இருந்துவிட்டுத்தான் தொட்டிக்குள் போகும். அந்த வாளியின் பொறுப்பு அப்பாவுடையது. நூலில் முடிச்சைத் தேடும் அதே பூதக்கண்ணாடியோடு காலையும் மாலையும் குந்துகிறார்.

நேற்று தறியை விட்டுப் பாதியில் எழுந்து வந்து கூப்பிட்டார். வில்லையின் அடிப்பக்கத்தில், ஒட்டிய பசையின் ஓரமாக, கடுகில் பாதி அளவுக்கு ஏதோ பழுப்பாக. நத்தை முட்டையாகவும் இருக்கலாம். சிரிஞ்சைக் கழுவி வைத்துவிட்டு, அது கை விரிக்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.