கழற்றத் தெரிந்தவர் மாட்டட்டும்

சென்னை ரிச்சி தெருவில் இப்போது அடிக்கடி கேட்கும் வசனம் இது: "பழைய மெஷின் சார், போர்டோட மொத்தமா மாத்திடுங்க." விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. முதல் தலைமுறை ரைசனை விண்டோஸ் 11-இன் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் அந்த மெஷினே எடைக்குத்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 2017, 2018-இல் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி அசெம்பிள் செய்த பி350, பி450 போர்டுகள் அவை. பெரும்பாலானவற்றில் ஒரு ரைசன் 5600 தாராளமாக உட்காரும். ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் அப்படியே இருக்கலாம்.

ஆனால் அதற்கு வேலை தெரிய வேண்டும். மொத்தமாக மாற்றுவதற்கு பில் போடத் தெரிந்தால் போதும்.

அந்த போர்டுகளில் இருக்கும் ஏஎம்4 மாதிரி நீண்ட ஆயுள் உள்ள சாக்கெட்டை நான் பார்த்ததில்லை. ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. 5000 வரிசை 2020 நவம்பரில். 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில். எல்லாம் அதே 1331 பின். இன்டெல் பக்கம் இந்தக் கொடுப்பினை இல்லை. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறையும் 1151தான். ஆனால் 200 வரிசை போர்டில் போட்டால் எழுந்திருக்காது. பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள்.

பயாஸ் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே புதிய பயாஸை ஏற்றிவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று ரேமைத் துடைப்பதில் பயனில்லை. சில போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான். புதிய ப்ராசஸர்களுக்கு இடம் ஒதுக்க, பழைய ஏ-சீரிஸை எடுத்துவிட்டார்கள். ஆகவே தயாரிப்பாளர் தரும் சிபியு பட்டியலை வரி வரியாகப் படித்த பிறகே பென்டிரைவைச் செருக வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் ஏற்றுகிறவரை நான் என் மேஜைப் பக்கம் விடுவதில்லை.

உண்மையான சங்கடம் கூலரில் இருக்கிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கடை பாய். அத்லான் எக்ஸ்பி காலத்து மனிதர். அந்த ப்ராசஸருக்கு மேலே உலோகத் தகடு கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். கூலர் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித்தான் விடுவிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உதிரும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் போர்டின் டிராக் அறுந்துபோகும். பாய் அந்த வேலை செய்யும்போது பேசமாட்டார். டீ வந்தாலும் திரும்பமாட்டார். "மாட்டறதுக்குக் கை போதும் தம்பி, கழட்டறதுக்குத்தான் பொறுமை வேணும்" என்பார். பல மாதம் என்னைக் கழற்ற மட்டுமே விட்டார். மாட்டுவதை அவரே செய்தார். இதை இன்று எந்தப் பையனிடம் சொன்னாலும் நம்பமாட்டான்.

அந்தப் பாடத்தின் அருமை ஏஎம்4-இல் விளங்கியது. இதில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. லீவரை மூடினாலும் சாக்கெட் அந்தப் பின்களை இறுக்கிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். இன்டெல்லில் இருப்பதுபோல மேலே அமுக்கி வைக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. ஆறேழு வருடம் காய்ந்த பேஸ்ட் கூலரையும் ப்ராசஸரையும் ஒன்றாக்கிவிட்டிருக்கும். நேராக மேலே இழுத்தால், மூடிய லீவரையும் மீறி ப்ராசஸர் பிடுங்கிக்கொண்டு வரும். எந்தப் பக்கம் சாய்ந்து வந்ததோ அந்தப் பக்கத்துப் பின்கள் ஒரு வரிசையாக மடங்கியிருக்கும்.

அப்படி ஆகாமல் இருக்க, முதலில் மெஷினைப் பத்துப் பதினைந்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட வேண்டும். பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, கரண்டைத் துண்டித்து, ஆற விடாமல் உடனே நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அப்புறம் ஹீட்சிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இறுகிய ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல், இடமும் வலமுமாகத் திருக வேண்டும். தூக்கக் கூடாது. ஒரு கணத்தில் உள்ளே வழுக்குவது விரல்களுக்குத் தெரியும். அது தெரியாதவரை தூக்கவே கூடாது. மறுத்தால் திரும்ப மாட்டி, திரும்பச் சூடாக்க வேண்டும்.

யாரோ பிடுங்கிக் கொண்டுவந்த ப்ராசஸர்களும் என்னிடம் வருகின்றன. லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் முனையைப் பின்னில் கோத்து, சாய்ந்த வெளிச்சத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் வரிசை நேராகும்வரை நிமிர்த்துகிறேன். ஒருமுறை மடங்கிய பின் நிமிரும். மறுபடி மடங்கினால் பெரும்பாலும் ஒடியும்.

ரீல்ஸில் இந்தப் பகுதியையே வெட்டிவிடுகிறார்கள். தங்க முக்கோணத்தைப் பொருத்து, லீவரை இறக்கு, முடிந்தது என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர், "ஒரு சிப்ப எடுத்து இன்னொண்ண வைக்கிறதுக்கு இவ்ளோவா?" என்று கூலியைக் குறைக்கச் சொல்கிறார். நான் குறைப்பதில்லை.

மாட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. முதல் பூட்டில் எஃப்டிபிஎம் மாறிவிட்டது, ரீசெட் செய்யவா என்று திரை கேட்கும். படிக்காமல் ஒய் அழுத்துகிறார்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்து, ரெக்கவரி கீ கையில் இல்லையென்றால், அத்தனை ஃபைலும் போனது போனதுதான். அப்படி வேறொரு கடையில் ஒய் அழுத்திக் கொடுத்த மெஷினோடு ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தையின் முதல் வருடப் படங்கள் முழுக்க அதில் இருந்தன. கீயை எழுதி வைக்கச் சொல்லிக் கடையில் யாரும் கேட்கவே இல்லையாம். நான் என்ன செய்ய முடியும்? கையை விரித்தேன். அந்த அம்மாவின் முகம் பல நாள் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அது கையால் நடந்த தவறுகூட அல்ல, கேட்க வேண்டியதைக் கேட்காததால் நடந்தது.

பல கடைகளில் வாட்டையும் பார்ப்பதில்லை. விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவு போர்டில் 105 வாட் 5800எக்ஸ்3டி-யைச் சொருகி, சென்னை மே மாதத்தில் ஓடவிடுகிறார்கள். அந்த மாதிரி போர்டுக்கு 65 வாட் 5600 போதும். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் அதற்கு மேல் போட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டில் முதல் தலைமுறை ரைசன் இருந்தால், விற்பதற்கு முன் போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு அதன் சிபியு பட்டியலைப் பாருங்கள். பிட்லாக்கர் கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். கூலரை எப்படிக் கழற்றுவீர்கள் என்று கேளுங்கள். "சூடு பண்ணிட்டுத் திருகுவேன்" என்றால் அங்கேயே உட்காருங்கள். வேறு எந்தப் பதில் வந்தாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.