அப்சோபர் வாங்கக் கிள்ளானுக்குப் போன கதை

வாசகர்களே, உங்கள் வீட்டுக் காடி செம்மண் சாலையில் போகும்போது முன்பக்கத்தில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கிறதா? பள்ளத்தைத் தாண்டிய பிறகும் தொட்டில்போல ஆடிக்கொண்டே போகிறதா? எங்கள் காடிக்கு அந்த நோய் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. (கார் என்று எழுதலாம், ஆனால் தோட்டத்தில் நாம் எல்லோரும் சொல்வது காடி என்றுதானே!)

மூன்றாவது கை மாறி எங்களிடம் வந்த பெரொடுவா விவா அது. 2007 முதல் 2014 வரை ரவாங்கை அடுத்த ஆலையில் செய்யப்பட்ட சின்ன வண்டி. அதற்கு முன் 1994இல் வந்து 2009 வரை ஓடிய 'கஞ்சில்' உங்களுக்கு நன்றாகத் தெரியும். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். பெயருக்கேற்ப அது எந்தச் சந்திலும் நுழைந்து வந்துவிடும். இந்த இரண்டும் இல்லாத லயம் ஏதாவது உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

சத்தம் மட்டும் என்றால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு மழை மாலை, பிரேக்கை மிதித்தபோது வண்டியின் மூக்கு தரையில் குத்துவதுபோல் தாழ்ந்து, பின்பக்கம் மேலே எழும்பி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு ஒரு முழம் பின்னால்தான் நின்றது. பின் சீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து தேநீர் ஆற்றும்போதும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாளே பட்டணத்துப் பட்டறை ஒன்றில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "நாலும் போச்சு டீச்சர். சஸ்பென்சனையே மாத்தணும். 1,200 வெள்ளி ஆகும்" என்றார் அங்கிருந்தவர். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்றே, அதில் 1,200 வெள்ளியைச் சக்கரத்துக்கு அடியில் கொட்டினால் அந்த மாதம் வீட்டில் உலை எப்படி வைப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை சுங்கை பூலோ வழியாக அவரைத் தேடிப் போனேன்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லால் வந்தது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று அப்போது ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட, இந்தப் பகுதியில் சூளைகள் பெருகின. பிறகு ரயில் வந்தது. ரயிலோடு நம்மவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் வந்து குடியேறினார்கள். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இன்றும் சாலையோரம் நிற்கிறது. ரயில் பெட்டிகளை வரிசைப்படுத்திய பரந்த வெளியின்மேல் கட்டப்பட்ட கே.எல். சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. 2010இல் வளைவும் வண்ணமுமாக 'லிட்டில் இந்தியா' ஆயிற்று. முக்கிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பால்மரத் தொழிலாளியிடம் சிறு சிறு பங்காகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்தச் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடி நான் நான்கு சுற்று சுற்றியதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மாமா அடுக்குமாடியின் கீழே வந்ததும், வணக்கம் சொல்லக்கூட விடாமல் குனிந்து சக்கரத்துக்குள் கையை விட்டார்.

"ஏம்மா, இப்பத்தானே ஓட்டிட்டு வந்த? இந்தப் பக்கம் தொட்டுப் பாரு. அப்புறம் பின்னாடி போய்த் தொட்டுப் பாரு."

பின்பக்கக் குழாய்கள் இளஞ்சூடாக இருந்தன. முன்பக்கம் இடது குழாய் குளிர்ந்து கிடந்தது. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வலது பக்கம் இரண்டுங்கெட்டான். "வேலை செய்றவனுக்குத்தான் வேர்க்கும். இவன் சும்மா உக்காந்து வந்திருக்கான்" என்றார் மாமா.

அதன் காரணத்தையும் சொன்னார். வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்; அப்சோபர் அல்ல. ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் அது துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் அப்சோபரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சிறு துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டன். தயிரில் மத்தை வேகமாக இழுத்தால் கையை எதிர்க்குமல்லவா? அதுபோல எண்ணெய் அந்தத் துளைகளில் பிதுங்கிப் போகும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. ஆகவேதான் உழைக்கிற குழாய் சுடுகிறது.

பிறகு வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்கி விட்டார். பின் மூலைகள் ஒருமுறை எழுந்து அடங்கின. முன் இடது மூலை மூன்று முறை தலையாட்டியது. இந்தச் சோதனையை நீங்களும் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். ஆனால் ஒன்று: இதில் தோற்றால் அப்சோபர் போய்விட்டது என்பது நிச்சயம், தேறினால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டயரையும் தடவிப் பாருங்கள். வட்டம் முழுதும் சீராகத் தேயாமல் இடையிடையே குழிந்து மேடாகியிருந்தால், சக்கரம் தரையைவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். துள்ளுகிற சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்குக்கு என்ன பிடிப்பு இருக்கும்? அந்த மழை மாலையில் நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து தூசியோடு சேறாக ஒட்டியிருந்தால்தான் ஆபத்து.

'டொக்' சத்தத்துக்கும் அப்சோபருக்கும் தொடர்பே இல்லை என்பது அடுத்த செய்தி. தண்டின் தலைப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் ரப்பர் மவுண்ட் வெடித்திருந்தது. என்னை ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லி, பானெட்டைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தே மாமா கண்டுபிடித்துவிட்டார். சில வண்டிகளில் லோவர் ஆர்ம் புஷ் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். சத்தம் வருகிறதென்று அப்சோபரை மாற்றி, மாற்றிய பிறகும் சத்தம் போகாமல் வயிறெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருவர் உண்டு.

முடிவு: பின்னால் இரண்டும் இன்னும் உழைக்கும். முன்னால் இரண்டும் மாற்ற வேண்டும். வலது பக்கம் முழுதாகப் போகவில்லையே, ஒன்று மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டேன். "ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல சிலிப்பர் போட்டுக்கிட்டு ஓடிப் பாரேன்" என்றார் மாமா. ஒரே அச்சில் இடதும் வலதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவசரப் பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மாமாவையும் ஏற்றிக்கொண்டு பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். 2018 முதல் இந்தச் சாலையில் டோல் இல்லை; அந்த மட்டில் லாபம். கிள்ளானை நெருங்கும்போதெல்லாம் எனக்கு 1941 நினைவுக்கு வரும். நான் பிறக்காத காலம்தான். ஆனால் தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் அதை மறக்கலாகாது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் அந்த ஆண்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. சைக்கிளில் உட்கார்ந்தபடி போக உரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று ஓட்டைக் காடியாக இருந்தாலும் சொந்தக் காடியில் போகிறோம். அதற்கு நல்ல சாமான் பார்த்து வாங்குவதில் நமக்கு என்ன கூச்சம்?

கிள்ளான் துறைமுகப் பட்டணம் ஆகையால் காடிச் சாமானுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பண்டமாரானில் வேர் விட்ட ஏபிஎம் நிறுவனம் அப்சோபரும் லோரிப் பட்டைகளும் செய்து பேர் வாங்கியது. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் 'ஹாஃப் கட்' வண்டிகளின் கடைகளும் காப்பார், மேரு சாலைகளில் உண்டு. மாமாவுக்குத் தெரிந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். நான் டீச்சர் என்று தெரிந்ததும் தவுக்கே "சிக்கு, சிக்கு" என்று மலாயில் மரியாதையாகப் பேசினார். மரியாதைக்காக விலை குறையவில்லை!

முதலில் கண்ணில் பட்டது ஜோடி 90 வெள்ளிக்கு, கறுப்புச் சாயம் பளபளக்கும் 'ரீகண்டிஷன்'. எனக்கும் சபலம்தான். பழைய குழாயைத் திறந்து, எண்ணெய் மாற்றி, மீண்டும் ஒட்டிச் சாயம் அடித்தது அது. உள்ளே தேய்ந்த பிஸ்டனும் வால்வும் பழையவையே. "எத்தனை மாசம் கேரண்டி?" என்று மாமா கேட்டார், தவுக்கே கூரையைப் பார்த்தார். ஹாஃப் கட்டிலிருந்து எடுத்தவற்றில் நல்லதும் அகப்படலாம். ஆனால் எத்தனை ஆண்டு, எத்தனை மைல் ஓடியது என்று அதற்கு யார் சாட்சி? கதவு, விளக்கு, கண்ணாடி என்றால் ஹாஃப் கட் கடைக்குத் தாராளமாகப் போங்கள். தேய்ந்து போகிற சாமானுக்குப் போகாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

புதியதில் எண்ணெய் மட்டும் உள்ளது ஜோடி 260. எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் அடைத்தது 330. இந்த 70 வெள்ளி எதற்கு என்று கேட்டேன். மேசைமேல் இருந்த தே தாரிக் குவளையை மாமா காட்டினார். ஆற்றினால் நுரைக்கிறதல்லவா, அதேபோல் வரி வரியான சாலையில் விடாமல் குலுங்கினால் அப்சோபர் எண்ணெயும் நுரைக்கும். நுரைக்குள் பிஸ்டனுக்கு எதிர்ப்பு இல்லை. வாயுவின் அழுத்தம் அந்த நுரையை எழும்பவிடாது. தினமும் ஆறு கிலோமீட்டர் செம்மண்ணில் ஓடும் எனக்கு 70 வெள்ளி தகும் என்று பட்டது. தார்ச் சாலை ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு எண்ணெய் வகையே போதும். வீண் செலவு வேண்டாம்.

கடையில் நின்ற ஒரு தம்பி, வண்டியைத் தாழ்த்தும் மஞ்சள் நிற 'ஸ்போர்ட்ஸ்' வகையை எடுக்கச் சொன்னான். அவன் வயதுக்கு அது அழகு. ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறும் குடும்ப வண்டிக்கு அது ஆகாது. பள்ளத்தில் வயிறு தட்டும், பாட்டிமார் இடுப்பு சபிக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. பேர் பெற்ற ஜப்பானியக் காயாபாவுக்கு (1919இல் தொடங்கி, ஒரு காலத்தில் விமானச் சக்கரங்களுக்கே எண்ணெய்த் தாங்கி செய்த கம்பெனி) போலிப் பெட்டிகளும் வருவதுண்டு. பெட்டியில் உள்ள எண்ணும் குழாயில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரியதா என்று பாருங்கள். கடை முத்திரையுடன் ரசீது கேளுங்கள். கேரண்டி அந்தத் தாளில்தான் இருக்கிறது, தவுக்கேயின் புன்னகையில் இல்லை. மவுண்ட் இரண்டு 70 வெள்ளி, தூசி உறையும் முட்டு ரப்பரும் 30 வெள்ளி சேர்த்து வாங்கினேன். இந்த ரப்பர்களைப் பிறகு மாற்ற வேண்டுமானால் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கூலி இரண்டு முறை.

போர்மேன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விவா போன்ற வண்டிகளில் முன் ஸ்பிரிங் அப்சோபரைச் சுற்றியே இருக்கும். அதைக் கவ்வி அமுக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டுபோல் பாயும். வீட்டுக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையில் இறங்க விடாதீர்கள். நல்ல கைக்காரருக்கு இரண்டு அடையாளம்: புதிய அப்சோபரை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை மெதுவாக இழுத்து அமுக்கி, உள்ளிருக்கும் காற்றை விலக்கிய பிறகே பூட்டுவார்; பளபளக்கும் தண்டைக் குறடால் கடிக்கவிட மாட்டார். அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் அடைப்பு கிழிந்து சீக்கிரமே ஒழுகத் தொடங்கும்.

அவர் முடிப்பதற்குள் நானும் மாமாவும் தெங்கு கிளானா சாலைக்குப் போய், பூக்கடை வாசனையும் பாட்டுச் சத்தமும் கலந்த நெரிசலில் தோசை சாப்பிட்டு வந்தோம். வேலைக் கூலி 80, சக்கர அலைன்மெண்ட் 30. எல்லாம் கூட்டினால் 540 வெள்ளி. 1,200 எங்கே, 540 எங்கே! இது நான் கொடுத்த விலை. உங்கள் வண்டிக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப மாறும்.

மாமாவை ரயிலேற்றிவிட்டுக் காப்பார், ஜெராம் வழியாகத் திரும்பினேன். தோட்டத்து வாசலில் லோரிகள் பறித்து வைத்த அந்தப் பெரிய பள்ளத்தில் வேண்டுமென்றே மெதுவாக இறக்கினேன். வண்டி ஒருமுறை தாழ்ந்து எழுந்து அடங்கியது. 'டொக்' இல்லை. பின் அப்சோபர் இரண்டுக்கும் தீபாவளிக்குப் பிறகு நாள் பார்த்திருக்கிறேன். அதுவரை வாரம் ஒருமுறை குனிந்து, குழாயைத் துடைத்து, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து வருகிறேன்.